சிறுதொழிலுக்கு இஸ்லாமிய நிதி: கையொப்பமிடும் முன் கேட்க வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தையல் கடையோ முறுக்குத் தொழிலோ டயர் பட்டறையோ நடத்தும் நம்மவர் பலர், வட்டிக்குப் பதில் இலாபம் சேர்த்து வங்கிகள் தரும் இஸ்லாமிய நிதி முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணி, அவசரத்துக்கு வட்டி முதலைகளிடம் போய்விடுகிறார்கள். 2013ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் வங்கிகள் விண்ணப்பதாரரின் சமயத்தைப் பார்ப்பதில்லை. அவர் செய்யும் தொழிலையே பார்க்கின்றன. மது, பன்றி இறைச்சி, சூதாட்டம் சார்ந்த வணிகத்துக்கு இந்நிதி கிடைக்காது. எனவே, மளிகைக் கடையில் பீரும் விற்பவர் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் தொழில் பதிவு, கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு, அன்றாட வரவு செலவுக் குறிப்பு ஆகியவற்றை முதலில் ஒழுங்குபடுத்துங்கள். உங்கள் பழைய கடன்களின் நிலையைக் காட்டும் சிசிரிஸ் அறிக்கையை வங்கி பார்க்கும்முன் நீங்களே பார்த்துவிடுங்கள்.

அன்றாடத் தொழிலை நடத்தத் தேவையான நடப்பு மூலதனத்துக்குப் பெரும்பாலும் தவாருக் என்னும் முறையே கையாளப்படுகிறது. வங்கி ஒரு சரக்கை வாங்கி, தன் இலாபத்தைச் சேர்த்து உங்களுக்குத் தவணையில் விற்கும். உங்கள் சார்பில் அச்சரக்கு வேறொருவருக்கு ரொக்கத்துக்கு விற்கப்பட்டு, அந்தப் பணம் உங்கள் கணக்கில் சேரும். 2009இல் தொடங்கிய புர்சா சூக் அல்-சிலா சந்தையில் இவ்வாறு கைமாறும் முதன்மைச் சரக்கு, நம் தோட்டங்களின் செம்பனையிலிருந்து வரும் கச்சா எண்ணெய்தான்.

வட்டி இல்லை என்பதால் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 20,000 ரிங்கிட் பெற்று, மாதம் 400 ரிங்கிட் வீதம் 60 மாதங்கள் கட்டினால், மொத்தம் 24,000 ரிங்கிட் ஆகிறது. ஒப்பந்தத்தில் 'விற்பனை விலை' என்று எழுதியிருக்கும் இத்தொகையையே மற்ற வங்கிகளின் கடனோடு ஒப்பிட வேண்டும். இலாப விகிதம் மாறக்கூடிய ஒப்பந்தமானால், அந்த விற்பனை விலை உச்சவரம்பு மட்டுமே. உண்மைத் தவணை என்னவென்று தனியே கேளுங்கள். முன்கூட்டியே கட்டி முடித்தால் மீதமுள்ள காலத்துக்கான இலாபத்தை வங்கி 'இப்ரா' என்று கழித்தாக வேண்டும் என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. அத்தொகையைக் கணக்கிடும் முறை ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று அதிகாரியைக் காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மற்ற வங்கிகளில் கிடைக்காவிட்டால், சிறுதொழிலுக்கு நிதியளிக்க 1998இல் அமைந்த அரசு நிறுவனமான தெக்குன் நேஷனல் இந்தியத் தொழில்முனைவோருக்கென நடத்தும் ஸ்பூமி திட்டத்தையும், கூட்டுறவு வங்கியான பேங்க் ராக்யாட் அவர்களுக்காகவே 2024இல் தொடங்கிய பிரீஃப்-ஐ திட்டத்தையும் விசாரிக்கலாம்.

தீபாவளிக்குச் சரக்கு எடுப்பது போன்ற குறுகிய காலத் தேவைக்கு அர்-ரஹ்னு என்னும் இஸ்லாமிய முறை நகை அடகு எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. வழக்கமான அடகுக்கடை மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். அர்-ரஹ்னுவில் நகையைப் பாதுகாப்பதற்கான கட்டணமே விதிக்கப்படும். ஆனால் அக்கட்டணம் பெரும்பாலும் நகையின் மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படுவதால், சிறு தொகைக்குப் பெரிய நகையை வைக்காதீர்கள்.