வெளிநாட்டில் வணக்கம் வைக்கையில் நம்ம ஊர்க்காரர்கள் சறுக்கும் இடங்கள்

வெளிநாட்டில் முறை தெரியாமல் விழித்தால் யாரும் பெரிதாகத் தப்பு சொல்ல மாட்டார்கள். அரைகுறையாக எதையாவது பார்த்துவிட்டுப் போய், அந்த ஊர்க்காரனைவிட ஒரு படி கூடுதலாகச் செய்து காட்டுவதில்தான் வம்பே. திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கோ படிப்புக்கோ கிளம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

வளைகுடாவில் சலாம் சொல்வதில் சிக்கல் இல்லை, மேலப்பாளையத்தில் கேட்டுப் பழகியதுதான். ஆனால் எமிரேட்ஸிலும் ஓமானிலும் ஆண்கள் மூக்கோடு மூக்கு தொட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டு நாமும் முகத்தை நீட்டக் கூடாது. பெண்களிடம் நாமாகக் கை நீட்டவே வேண்டாம்; அவர்கள் நீட்டினால் குலுக்கலாம், இல்லையென்றால் நெஞ்சில் கை வைத்தால் போதும். கை குலுக்கியவர் கையை விடாமலே பேசிக்கொண்டிருந்தால் பதறி உருவாதீர்கள். ஜங்ஷனில் கூட்டாளி கையைப் பிடித்தபடியே கதையடித்து நடக்கிறவர்களுக்கு இது புதுசா என்ன?

ஜப்பானில் நம்மவர்கள் கையைக் கூப்பிக்கொண்டே குனிகிறார்கள். அங்கே கூப்புவது பெரும்பாலும் கோயிலிலும் சாப்பாட்டுக்கு முன்னும்தான். குனியும்போது ஆண்களின் கை பக்கவாட்டில் இருக்கும். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்கி ஒரு தடவை வாசியுங்கள், பேன்ட் பின்பாக்கெட்டில் திணிக்காதீர்கள். தாய்லாந்தில் கும்பிடு உண்டு, ஆனால் கடைப் பணியாளர் கும்பிட்டால் சிரித்துத் தலையசைத்தாலே சரி. நெற்றி வரை கையைத் தூக்குவதெல்லாம் பிக்குகளுக்கு.

பாரிஸில் கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்', அப்புறம்தான் மற்ற பேச்சு. நம்ம ஊரில் வாசலில் நின்றே "அண்ணாச்சி, கால் கிலோ சீனி" என்றால் மரியாதை அந்த அண்ணாச்சியிலேயே போய்ச் சேர்ந்துவிடும். அங்கே அதே வேகத்தில் விலை கேட்டால் கடைக்காரர் முகம் கொடுக்க மாட்டார், பிரெஞ்சுக்காரர்களுக்குத் திமிர் என்று ஊருக்கு வந்து சொல்கிற பாதிப்பேருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. பழகியவர்கள் கன்னத்தோடு கன்னம் வைப்பார்கள், நிஜமாக முத்தம் கொடுத்துவிடாதீர்கள். எந்தக் கன்னம் முதலில், எத்தனை தடவை என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும், அவர்களே தடுமாறுவார்கள், எதிரில் இருப்பவரே தொடங்கட்டும்.

ரஷ்யாவுக்கு டாக்டர் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கும் ஒன்று. வாசப்படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று எதையும் கொடுத்து வாங்கக் கூடாது என்று ஆச்சி சொல்வாள் இல்லையா, அங்கே கை குலுக்குவதற்கும் அதே கதைதான், உள்ளே போய் நின்று கை கொடுங்கள்.