ஹெபடைட்டிஸ் பி: ‘பாசிட்டிவ்’ என்று தெரிந்த பிறகு செய்யக் கூடாத தவறுகள்

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று தேடிப் போய்ப் பரிசோதனை செய்துகொள்பவர்கள் நம் ஊரில் குறைவு. கர்ப்பிணிக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் தெரியவரும். ஆப்பரேஷனுக்கு முந்தைய நாள் தெரியவரும். ரத்த தானம் செய்துவிட்டு வந்தவரை ரத்த வங்கியிலிருந்து கூப்பிடுவார்கள். வளைகுடா வேலைக்காக மெடிக்கல் போனவர் கையில் ‘அன்ஃபிட்’ என்று ஒரு தாளைக் கொடுப்பார்கள். இந்த நான்கு இடங்களிலும் இருப்பவர்களுக்குப் பிரசவம், ஆப்பரேஷன், ரத்தம், விசா என்று வேறு வேலை இருக்கிறது. அதனால் ‘உங்களுக்கு பாசிட்டிவ்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்து எங்கே போவது என்று சொல்ல ஆள் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடி பேர் இந்த வைரஸோடு வாழ்ந்தார்கள். உலகம் முழுக்க 25.4 கோடி பேர். அவர்களில் தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் 13 சதவீதம்தான். சிகிச்சை பெறுபவர்கள் வெறும் 3 சதவீதம். இத்தனைக்கும் மாத்திரை இருக்கிறது. நம் நாட்டில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் நடுவில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

சீட்டை பீரோவில் வைத்துப் பூட்டுவது

எச்.பி.எஸ்.ஏ.ஜி. (HBsAg) என்பது இந்த வைரஸின் மேற்புறப் புரதத்தை ரத்தத்தில் தேடும் பரிசோதனை. அது பாசிட்டிவ் என்றால் வைரஸ் உடம்பில் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்தச் சீட்டு சொல்லாது. ஆறு மாதம் கழித்தும் பாசிட்டிவாகவே இருந்தால் நாள்பட்ட தொற்று என்கிறார்கள். கல்லீரல் நொதியான ஏ.எல்.டி., பிளேட்லெட் எண்ணிக்கை, வைரஸின் அளவைக் காட்டும் டி.என்.ஏ. பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் பார்த்த பிறகுதான் மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்று டாக்டரால் முடிவு சொல்ல முடியும்.

இதில் ஒரு வார்த்தை நிறையப் பேரைக் கெடுத்திருக்கிறது. ‘நீங்கள் கேரியர்தான் (வைரஸைச் சுமப்பவர்), ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று டாக்டர் சொன்னால், இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்று அர்த்தம். கேட்டவர் அதை ‘இனி வரவே வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்கிறார். பத்து, பதினைந்து வருடம் எந்தத் தொந்தரவும் இருக்காது. அப்புறம் வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, கல்லீரல் சுருங்கிய நிலையில் வந்து சேர்வார். இந்த வைரஸால் வரும் கல்லீரல் புற்றுநோய், கல்லீரல் சுருங்காமலேயேகூட வரலாம். அதனால் மாத்திரை தேவைப்படாதவரும் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை, டாக்டர் சொல்லும் இடைவெளியில், ரத்தமும் ஸ்கேனும் பார்த்தாக வேண்டும்.

வீட்டில் மறைப்பது இன்னொரு தவறு. ‘எங்கே போய் வாங்கி வந்தாய்’ என்ற கேள்விக்குப் பயந்துதான் மறைக்கிறார்கள். அந்தக் கேள்வியே பெரும்பாலும் தப்பு. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு வைரஸ் உடம்பிலேயே தங்கிவிடும். வளர்ந்தவருக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்குக்கூடத் தங்குவதில்லை, ஆறு மாதத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். ஆகவே முப்பது வயதில் நாள்பட்ட தொற்றோடு இருப்பவருக்கு அது பிறப்பிலோ சின்ன வயதிலோ வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அவர் நடத்தையைப் பற்றி அந்தச் சீட்டிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள்: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அம்மா, கூடப்பிறந்தவர்கள். அத்தனை பேரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி, இருப்பவர்களுக்கு மேற்கொண்டு பரிசோதனை.

முதல் 24 மணி நேரத்தைத் தவற விடுவது

‘ஒன்றரை மாதத்தில்தான் பென்டா ஊசி போடுவார்களே’ என்று பிறந்த அன்று போட வேண்டிய ஊசியை விட்டுவிடுவதைவிடப் பெரிய இழப்பு இந்த நோயில் இல்லை. 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட்டிலும் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது, உண்மைதான். ஆனால் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வந்த வைரஸ் ஆறு வாரம் காத்திருக்காது. முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள், டிஸ்சார்ஜ் அன்று போட்டுக்கொள்ளலாம் என்ற காரணம் எதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பிரசவ அறையிலேயே கேளுங்கள், அட்டையில் நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

தாய்க்கு பாசிட்டிவ் என்றால் ஏற்பாடு இன்னும் முன்னாலேயே தொடங்க வேண்டும். வைரஸ் அளவு அதிகம் இருக்கும் கர்ப்பிணிக்கு 28ஆவது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்தால் குழந்தைக்குப் போவது வெகுவாகக் குறையும். பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசியோடு, வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தயார் நிலையில் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். இது எல்லா மருத்துவமனையிலும் கையிருப்பில் இருக்காது. எட்டாம் மாதத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வலி எடுத்த பிறகு தேடினால் கிடைப்பது கஷ்டம். குழந்தைக்கு ஊசிகள் போட்டாகிவிட்டால் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். ஊசிகளெல்லாம் முடிந்து, ஒன்பது மாதத்துக்கு மேல் குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதித்துவிட வேண்டும். பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

கீழாநெல்லியோடு நிறுத்திக்கொள்வது

இதைச் சும்மா ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. இதன் வரலாறு சென்னையோடு சேர்ந்தது. 1988இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் சென்னை ஆராய்ச்சியாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்துவிட்டது என்றது அந்த ஆய்வு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னால் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்றைக்கு ஹெபடைட்டிஸ் பி-க்கான முக்கியமான நவீன மருத்துவ வழிகாட்டிகளில் கீழாநெல்லி இல்லை.

பிறகு ஏன் ‘எங்கள் ஊரில் மருந்து குடித்துச் சரியாகிவிட்டதே’ என்கிறார்கள்? பெரியவர்களுக்கு வைரஸால் புதிதாக வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் பேர் அதற்குத்தான் போகும். நாள்பட்ட தொற்றில் கண் மஞ்சளாவதே அரிது. அதனால் ‘காமாலை இல்லை’ என்பதை வைத்து வைரஸ் போய்விட்டது என்று சொல்லவே முடியாது. உப்பில்லாப் பத்தியமும் மந்திரிப்பதும் வைரஸை எதுவும் செய்யாது. குடிப்பழக்கம் இருந்தால் அதை நிறுத்துவது கல்லீரலுக்கு நிச்சயம் நல்லது.

மாத்திரையைப் பாதியில் விடுவது

டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்கும், பெரும்பாலும் முழுசாக அழிக்காது. ரிப்போர்ட் நார்மல் வந்துவிட்டதே என்று நீங்களாக நிறுத்தினால் வைரஸ் திடீரென்று பெருகும். சிலருக்குக் கல்லீரல் செயலிழக்கும் அளவுக்குப் போகும். அதேபோல, கீமோதெரபி தொடங்கும் முன்போ ஸ்டீராய்டு நாள்கணக்கில் எடுக்கும் முன்போ ‘எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது’ என்று அந்த டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸை அந்த மருந்துகள் எழுப்பிவிடும்.

தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதால் பயனில்லை. சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ தொற்றாது. ரத்தம் படும் பொருள்கள்தான் ஆபத்து. ரேசர், நகவெட்டி, டூத் பிரஷ், காது குத்தும் ஊசி, திருவிழாவில் பச்சை குத்தும் ஊசி. காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாள் உயிரோடு இருக்கும். 2009இல் குஜராத்தின் மோடாசாவில் ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் பரவிப் பல உயிர்கள் போயின. ஊசி போடும்போது புதுப் பாக்கெட்டை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்குத் தடுப்பூசி 0, 1, 6 மாதக் கணக்கு. நடுவில் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். ஏற்கெனவே தொற்று உள்ளவருக்கு இந்த ஊசி பலன் தராது. மெடிக்கலில் அன்ஃபிட் ஆனவர் ஊசி போட்டுக்கொண்டு வேறு சென்டரில் முயற்சி செய்வது காசுக்கும் காலத்துக்கும் கேடு.

அவரும் சரி, மற்றவர்களும் சரி, அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், ஹெபடைட்டிஸ் திட்டத்தில் எங்கே பதிய வேண்டும் என்று கேளுங்கள். வழி தெரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104க்கு அழைக்கலாம். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு, முடிந்தால் வீட்டில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம்.