எம்டிபிக்கு (மவுண்டன் பைக், அதாவது மலைப்பாதை சைக்கிள்) வெயிட் கம்மியா ஹேண்டில்பார்: அலாயா, கார்பனா, எதை எடுக்கறது?

புது ஹேண்டில்பார் தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இப்ப வண்டில இருக்கற பார் மேல ஒரு காந்தத்தை வச்சு பாருங்க, ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தமே போதும். பச்சக்குனு ஒட்டிக்கிச்சுன்னா அது ஸ்டீல், விலை கம்மியான எம்டிபி பலதுலயும் அதான் வரும். அதைக் கழட்டிட்டு ஒரு நல்ல அலாய் (அலுமினியக் கலவை) பார் போட்டாலே கையில தூக்கும்போது வித்தியாசம் தெரியும், கார்பன் பக்கம் போகவே தேவையில்ல. காந்தம் ஒட்டலன்னா அனேகமா அலாய்தான், அதுக்கு மேல குறையப்போறது நூறு கிராம் சுமாருக்குத்தான், அந்த நூறு கிராமுக்கு எவ்ளோ காசு குடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டு இறங்குங்க.

அடுத்தது சைஸ். ஸ்டெம் (ஹேண்டில்பாரை வண்டியோட சேத்துப் புடிக்கற பாகம்) புடிக்கற நடுப்பகுதி பழைய வண்டில 25.4 மிமீ, இப்ப வர்றதுல 31.8 இல்ல 35. ஸ்டெம்மோட அளவுக்கு பார் அளவு சரியா இருக்கணும், இல்லன்னா ஸ்டெம்மும் சேத்து மாத்தணும். கிரிப் போடற முனை எல்லாத்துலயும் 22.2 தான், அதனால பழைய பிரேக் லீவர், ஷிஃப்டர் அப்படியே உக்காரும். என்னைக் கேட்டா 31.8 எடுங்க. 35 மிமீ பார் பெரும்பாலும் ரொம்ப விறைப்பா இருக்கும், கல்லு முள்ளு பாதைல ரெண்டு மணி நேரம் ஓட்டினா உள்ளங்கை வலிக்குதுன்னு நிறைய பேர் சொல்றாங்க.

இப்ப மெட்டீரியல். அலாய்ல 6061, 7075னு ரெண்டு நம்பர் அடிக்கடி பாப்பீங்க. 6061ஐ விட 7075 ஒன்றரை மடங்குக்கு மேலயே பலம், அதனால குழாயோட சுவரை மெல்லிசா பண்ணி வெயிட் குறைக்க முடியுது. கூடவே "பட்டட்"னு போட்டிருக்கான்னு பாருங்க, அதாவது அழுத்தம் அதிகம் விழற நடுவுல தடிமனா, முனைக்குப் போகப் போக மெல்லிசா இழுத்திருப்பாங்க. 780 மிமீ அகலத்துல இந்த மாதிரி பார் 300 கிராம் சுமாருக்கு கிடைக்கும், மலைப்பாதைல வாரக்கடைசி ஓட்டறவங்க பெரும்பாலானவங்களுக்கு இதுவே சரியான சாய்ஸ்னு நான் தைரியமா சொல்லுவேன். விழுந்தா வளையும், வளைஞ்சது கண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சா மாத்திடுங்க, தட்டி நிமித்தி மட்டும் ஓட்டாதீங்க. வளையலன்னாலும் அலாய்க்கு களைப்புன்னு (திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டு பலம் குறையறது) ஒண்ணு இருக்கு, வருஷக்கணக்கா அடி வாங்கின பாரை நம்பி உயரத்துலேருந்து கீழ குதிக்கற பெரிய ட்ராப் எல்லாம் வேணாம்.

கார்பன் அதே அகலத்துல 200லேருந்து 250 கிராம் வரும். ஆனா வெயிட்டுக்காக மட்டும் அதை வாங்காதீங்க, அதோட உண்மையான லாபம் சின்னச் சின்ன அதிர்வை கைக்கு வரவிடாம உறிஞ்சறதுலதான் இருக்கு, அதுவும் எல்லா கார்பன் பாரும் அப்படி இல்ல, இழைகளை அடுக்கற விதத்தைப் பொறுத்து சிலது அலாயை விட விறைப்பா இருக்கும். இன்னொரு விஷயம், கார்பன் வளைஞ்சு எச்சரிக்கை குடுக்காது, உள்ள விரிசல் இருந்தா ஒருநாள் திடீர்னு உடையும். விழும்போது பிரேக் லீவர் கிளாம்ப் பாரைச் சுத்தி திரும்பி ஒரு கோடு கீறியிருக்கும், நகத்தை வச்சு தேச்சுப் பாருங்க, நகம் மாட்டற அளவுக்கு பள்ளம் இருந்தா அந்த பாரை வண்டில வைக்காதீங்க. செகண்ட் ஹேண்ட் கார்பன் பார் வேணவே வேணாம். பெரிய பிராண்ட் பேர் போட்டு பாதிக்கும் கீழ விலைக்கு ஆன்லைன்ல வர்றதும் அப்படித்தான், டூப்ளிகேட்டா இருந்தா நம்ம பல்லுதான் போகும்.

டைட்டானியம் துருப்பிடிக்காது, நல்லா உழைக்கும், ஆனா விலை எக்கச்சக்கம், வெயிட்லயும் நல்ல அலாயை விட பெருசா ஜெயிக்காது. ஆசை இருந்தா வாங்கலாம், வெயிட் குறைக்கணும்னு மட்டும்னா வேணாம்.

வெயிட்டை ஒப்பிடும்போது அகலத்தையும் சேத்து பாருங்க, 700 மிமீ பாரோட கிராமை 800 மிமீ பாரோட வச்சு பாத்தா கணக்கு தப்பாயிடும். அது எக்ஸ்சிக்கா (கிராஸ் கன்ட்ரி, பெரிய குதியெல்லாம் இல்லாம ஓட்டறது), ட்ரெயிலுக்கா (சாதாரண மலைப்பாதை), டவுன்ஹில்லுக்கான்னு (மலை இறக்கத்துல வேகமா இறங்கறது) கம்பெனி போட்டிருக்கறதையும் படிங்க, எக்ஸ்சிக்குன்னு செஞ்ச மெல்லிசு பாரை வச்சு குதிக்கக் கூடாது.

மாட்டும்போது ஆலன் கீயை கைக்கணக்குல முறுக்காதீங்க, எவ்ளோ முறுக்கறோம்னு அளவு காட்டற டார்க் ரெஞ்ச் வேணும். பெரும்பாலான ஸ்டெம்ல 5 நியூட்டன் மீட்டர் சுமார், சரியான அளவு ஸ்டெம் மேலயே அச்சடிச்சிருக்கும், பார்லயும் ஒரு அளவு போட்டிருந்தா ரெண்டுல கம்மியானதை எடுங்க. நாலு போல்ட்டையும் குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. கார்பனுக்கு கிரீஸ் போடாதீங்க, மணல் மாதிரி நறநறன்னு இருக்கற கார்பன் பேஸ்ட்னு தனியா விக்குது, அதைத் தடவினா கம்மியா முறுக்கினாலே பார் வழுக்காது. பிரேக் லீவர் கிளாம்ப்பை பலமா தள்ளினா திரும்பற அளவுக்கு மட்டும் முறுக்கினா போதும், விழுந்தா லீவர் திரும்பிக்கும், லீவரும் பாரும் தப்பிக்க வாய்ப்பு அதிகம். முதல் ரைடு முடிஞ்சதும் எல்லா போல்ட்டையும் மறுபடி ஒருதடவை டார்க் ரெஞ்ச் வச்சு பாத்துடுங்க.