போரிலிருந்து வந்த அரிசாகா ரைபிள்: பணம் கொடுக்கும் முன் எங்கெங்கே பார்க்க வேண்டும்?

இரண்டாம் உலகப் போர் முடிந்து கப்பலேறிய அமெரிக்கச் சிப்பாய்களில் ஏராளமானோர் அரிசாகா என்ற ஜப்பானிய ராணுவ ரைபிள் ஒன்றைக் கையோடு கொண்டுவந்தார்கள். மேலதிகாரிகள் அனுமதித்தே நடந்த விஷயம். அந்தத் தலைமுறை மறைய மறைய, பரணில் கிடந்தவை இப்போது இறந்தவர் உடைமைகளை விற்கும் எஸ்டேட் ஏலங்களுக்கும் கன் ஷோக்களுக்கும் வருகின்றன. ஒவ்வொன்றோடும் ஒரு கதையும் வரும். "தாத்தா குவாடல்கனாலில் பிடித்தது" என்பார் விற்பவர், பசிபிக் தீவில் நடந்த பெரிய சண்டையைச் சொல்லி. அந்தக் கதைக்கு நான் ஒரு டாலர்கூடக் கூடுதலாகத் தருவதில்லை. ரைபிளைத் திருப்பிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள், ரைபிள் காலியா என்று சோதிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: சட்டம்

50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத துப்பாக்கி 'கியூரியோ அண்ட் ரெலிக்' வகையில் வரும். இவற்றைச் சேகரிப்பதற்கென்றே ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டரசு அமைப்பு) தரும் உரிமம் ஒன்று இருக்கிறது: 3 ஆண்டுக்கு 30 டாலர், வயது 21 ஆகியிருக்க வேண்டும். வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதிவர வேண்டும். உரிமம் இருந்தால் வெளிமாநில ஏலத்தில் எடுத்ததுகூட நேராக உங்கள் முகவரிக்கே வரும், உங்கள் மாநிலச் சட்டம் தடுக்காத வரை. இரண்டு ரைபிளுக்கு மேல் வாங்கும் எண்ணம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

(பின்னர் சேர்த்தது: நாங்களும் வாங்கலாமா என்று கருத்துப் பகுதியில் எச்-1பி நண்பர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். கிரீன் கார்டு இருந்தால் சிக்கல் இல்லை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். மாநிலம் தந்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. வக்கீலைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.)

படி 2: மேலே இருக்கும் பூ

சேம்பருக்கு (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) மேலே 16 இதழ்ச் செவ்வந்தி முத்திரை இருக்கும். அது ஜப்பானியப் பேரரசரின் சின்னம். 1945இல் சரணடைந்த பிறகு ஒப்படைத்தவற்றில் பெரும்பாலும் அதை அரம் வைத்துத் தேய்த்தோ உளியால் கொத்தியோ அழித்திருப்பார்கள். பூ முழுசாக இருந்தால் போர்க்களத்தில் பிடிபட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், உறுதி இல்லை. ஜப்பானுக்கு வெளியே ஒப்படைக்கப்பட்டவற்றில் பூ அழியாமலே வந்தவை உண்டு. அழிந்த பூவை மறுபடி குத்தி விற்கும் ஆட்களும் உண்டு. அதனால் லென்ஸ் இல்லாமல் போகாதீர்கள். தேய்த்த இடம் லேசாகப் பள்ளமாக, சுற்றியுள்ள வளைவோடு ஒட்டாமல் இருக்கும்.

பூவுக்குக் கீழே மூன்று ஜப்பானிய எழுத்துகளில் மாடல் பெயர். நாம் அதிகம் பார்க்கப்போவது இரண்டு: 6.5 மி.மீ. டைப் 38, 7.7 மி.மீ. டைப் 99.

படி 3: இடது பக்கம்

ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோக உடல்) இடது பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் எழுத்து, சீரியல் நம்பர், ஆலை முத்திரை என்று வரிசையாக இருக்கும். நகோயா, கோகுரா ஆலைகளின் முத்திரைதான் அடிக்கடி கண்ணில் படும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடி அடிவேரில் இருக்கும் எண் சீரியலின் கடைசி மூன்று இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாதவை நிறைய வரும். (கோகுரா ரைபிள் வைத்திருக்கும் ஒரு வாசகர் எண் ஒத்துப்போகவில்லையே என்று கேட்ட பிறகு சேர்த்தது: சில ஆலைகள் சீரியலை விட்டுவிட்டுத் தனி அசெம்பிளி எண் போட்டன. அங்கே உறுப்புகள் தங்களுக்குள் ஒத்துப்போனால் சரி.)

குவாடல்கனால் கதையையும் இங்கேயே சோதித்துவிடலாம். அந்தச் சண்டை 1943 பிப்ரவரியில் முடிந்தது. கையில் இருக்கும் டைப் 99இல் தோளில் பதியும் பின்கட்டைத் தகடு மரத்தால் செய்து ஆணி அடித்ததாக, ஏற்றி இறக்க முடியாத நிலையான குறிபார்க்கும் சைட்டோடு, வெல்டிங் பிசிறு தெரிகிற மாதிரி இருந்தால் அது போரின் கடைசிக் காலத்து அவசரத் தயாரிப்பு. தாத்தா அதை எங்கே வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம், குவாடல்கனாலில் மட்டும் இல்லை.

படி 4: கட்டை

பின்கட்டை இரண்டு துண்டாக இருப்பதைப் பார்த்து உடைந்ததை ஒட்டியது என்று பேரம் பேசாதீர்கள், சிரிப்பார்கள். ஆலையிலேயே இரண்டு மரத்துண்டைப் பொருத்திச் செய்ததுதான். பார்க்க வேண்டிய இடம் முன்பக்கம். பேரலைக் கட்டையோடு சேர்க்கும் வளையத்தை நகர்த்திவிட்டு அடியில் பாருங்கள். மயிரிழை மாதிரி குறுக்குக் கோடு தெரிந்தால் அது 'டஃபிள் கட்': பையில் அடங்கட்டும் என்று சிப்பாய் ரம்பத்தால் அறுத்தது. விலை குறையும்தான். ஆனால் சிப்பாய் கொண்டுவந்தது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. நான் விரும்பியே வாங்குவேன்.

ரைபிளைத் தாங்கும் மானோபாட் ஒற்றைக் காலும் போல்ட்டின் மேல் வரும் தகர மூடியும் காணாமல் போயிருக்கும், கவலைப்படாதீர்கள். மேல்பூச்சு ஜப்பானிய அரக்கு. அதைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்க்கவே வேண்டாம்.

படி 5: சேம்பர் வார்ப்பு

சேம்பருக்குள் உருகிய உலோகத்தை ஊற்றி அச்செடுத்து அளப்பதுதான் இது. சுடப்போவதில்லை என்றாலும் இதைச் செய்யச் சொல்வேன். போருக்குப் பின் அமெரிக்காவில் ஜப்பானியத் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் ஊர் துப்பாக்கி மெக்கானிக்குகள் டைப் 99இன் சேம்பரை தர்ட்டி ஆட் சிக்ஸ் (.30-06) என்ற அமெரிக்கத் தோட்டாவுக்கும், டைப் 38ஐ .257 ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கத் தோட்டாவின் கூட்டில் 6.5 மி.மீ. குண்டு பொருத்திய கலப்புத் தோட்டாவுக்கும் குடைந்தார்கள். வெளியே எந்தக் குறியும் இருக்காது. தப்பான தோட்டாவைப் போட்டால் முகத்துக்கு ஆபத்து.

அதற்கும் முன்னால் பேரலுக்குள் டார்ச் அடியுங்கள். சுருள் வரிகளே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது பள்ளி மாணவர்களுக்கான பயிற்சித் துப்பாக்கி. வெற்றுத் தோட்டாவுக்காக மட்டமான உலோகத்தில் செய்தது. அதில் நிஜத் தோட்டா போடவே கூடாது.

வார்ப்புக்கு செரோசேஃப் என்ற உலோகக் கலவை வாங்குங்கள். மெழுகு, கந்தகம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், கேட்காதீர்கள். இது 70 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 88க்குள் முழுக்க உருகிவிடும், கொதிநீரில் வைத்த சின்னத் தகர டப்பாவே போதும். ஆனால் ஈயமும் காட்மியமும் கலந்தது. சமையல் பாத்திரம் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

போல்ட்டைக் கழற்றி சேம்பரைத் துடைத்து, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு எண்ணெய் தடவுங்கள். முன்வாய் வழியாகக் கம்பியால் துணியைத் தள்ளி, சேம்பர் கழுத்தைத் தாண்டி ஓர் அங்குலத்தில் அடைப்பு வையுங்கள். முன்வாய் கீழே பார்க்க ரைபிளை நிறுத்தி, பின்பக்கம் வழியாக ஒரே மூச்சில் ஊற்றுங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சேம்பர் நிரம்பியதும் நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் போல்ட் பூட்டிக்கொள்ளும் பள்ளத்துக்குள் ஓடி இறுகி, எவ்வளவு தட்டினாலும் வராது. சுத்தியலைத் தொடாதீர்கள். ஹீட் கன்னில் சூடாக்கினால் தானே உருகி வழியும், மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கலவை முதல் அரை மணி நேரம் சுருங்கும். அதற்குள் கம்பியால் மெல்லத் தள்ளி எடுத்துவிடுங்கள். பிறகு விரியத் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் சேம்பரின் சரியான அளவுக்கு வரும். அப்போதுதான் அளக்க வேண்டும். டைப் 99 தோட்டாவின் கூடு 58 மி.மீ. நீளம், தர்ட்டி ஆட் சிக்ஸ் 63. ஐந்து மி.மீ. வித்தியாசம் வெர்னியரில் பளிச்சென்று தெரியும். டயல் வெர்னியர் வாங்குங்கள், டிஜிட்டலில் தேவைப்படுகிற அன்றுதான் பேட்டரி செத்திருக்கும். அளவு சரியாகவே வந்தாலும், சுடுவதாக இருந்தால் ஹெட்ஸ்பேஸை (போல்ட் பூட்டியபின் தோட்டாவுக்குக் கிடைக்கும் இடம்) ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் பார்த்துவிடுங்கள். போல்ட் எண் மாறியிருந்தால் கண்டிப்பாக.

படி 6: காகிதம்

'இந்தப் பொருளை வைத்துக்கொள்ள இவருக்கு அனுமதி' என்று அதிகாரி கையெழுத்திட்ட சான்று சிலவற்றோடு வரும். சீரியல் நம்பர் அதில் இருந்தால் அதிர்ஷ்டம். 'ஜப்பானிய ரைபிள் ஒன்று' என்று மட்டும் இருந்தால் அந்தக் காகிதத்தை எந்த ரைபிளோடும் சேர்த்து விற்கலாம், அதற்கேற்ப விலை பேசுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை. பக்கத்து வீட்டுப் பரணில் ரைபிளோடு ஜெர்மானிய எம்பி-40 தானியங்கித் துப்பாக்கி ஒன்றும் கிடக்கிறது, வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கையில்கூட எடுக்காதீர்கள். தானியங்கித் துப்பாக்கி என்றால் பதிவு இருந்தே ஆக வேண்டும். பதிவு இல்லாதவற்றுக்கு 1968இல் ஒரு மாதம் பொது மன்னிப்பு தந்தார்கள், அப்போது விட்டதை இன்று பதிய வழியில்லை. அந்தக் குடும்பத்துக்கே சிறைத் தண்டனை வரக்கூடிய விஷயம். பதிவுக் காகிதம் இருக்கிறதா என்று வீட்டில் தேடட்டும், கிடைக்காவிட்டால் அவர்களே ஒரு வக்கீல் மூலம் ஏடிஎஃப்பிடம் பேசட்டும்.