வானவில் குவில்ட்டுக்குத் துணி தேர்ந்தெடுப்பது எப்படி? நிறச்சக்கரத்தோடு ஒரு செய்முறை

வானவில் நிறத்தில் குவில்ட் (துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வை) தைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஏழு துணிகளோடு தொடங்குவார்கள். நல்ல சிவப்பு ஒன்று, நல்ல மஞ்சள் ஒன்று, நல்ல பச்சை ஒன்று. என் முதல் குவில்ட்டும் அப்படித்தான். ஏழு துணியும் தனித்தனியாக அருமையாக இருந்தன. தைத்து முடித்துத் தரையில் விரித்தபோது ஏழு பட்டைகள்தான் தெரிந்தன. மஞ்சள் முடிந்து பச்சை தொடங்கும் இடத்தில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. வானத்தில் தெரியும் வானவில்லில் அந்தக் கோட்டை எவ்வளவு தேடினாலும் பார்க்க முடியாது.

அன்றிலிருந்து நான் துணி எடுக்கும் வரிசையே மாறிவிட்டது. முதலில் இடைநிறங்களைத் தேடுகிறேன். சிவப்பு, நீலம் போன்றவை எப்படியும் கிடைத்துவிடும். வானவில்லாகத் தெரிய வைப்பவை மஞ்சளும் இல்லாத, பச்சையும் இல்லாத அந்த நடுத்தரத் துணிகள்தான். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த எண்ணத்தை வைத்துத்தான் வருகின்றன.

நாம் தைக்கப் போவது மிக எளிய அமைப்பு: வெறும் சதுரங்கள். அகலத்தில் 12, நீளத்தில் 15, மொத்தம் 180 சதுரங்கள். ஒவ்வொன்றையும் 4½ அங்குலமாக வெட்டுவோம். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போனால் 4 அங்குலம் நிற்கும். முடிந்ததும் 48 அங்குல அகலம், 60 அங்குல நீளம். அமைப்பு இவ்வளவு எளிதாக இருப்பதால் முழுக் கவனத்தையும் நிறத்துக்குக் கொடுக்கலாம்.

படி 1: பன்னிரண்டு நிறங்களை எழுதிக்கொள்ளுங்கள்

சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்துப் பார்த்த ஐசக் நியூட்டன், 1704-இல் வெளியான தன் ஒளியியல் நூலில் அந்த நிறப்பட்டையை வளைத்து ஒரு வட்டமாக வரைந்தார். ஏழு என்ற எண்ணிக்கையை அவர் இசையின் ஏழு சுரங்களோடு ஒப்பிட்டு வைத்தார். ஆகவே நாமும் ஏழில் நின்றுவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓவியர்கள் பயன்படுத்தும் பன்னிரண்டு நிறச் சக்கரம் நமக்கு இன்னும் வசதி. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் அடிப்படை. இவற்றை இரண்டிரண்டாகக் கலந்தால் ஆரஞ்சு, பச்சை, ஊதா. இந்த ஆறுக்கும் நடுவே இன்னும் ஆறு.

பேப்பரில் இப்படி வரிசையாக எழுதுங்கள்: சிவப்பு, செவ்வாரஞ்சு, ஆரஞ்சு, மாம்பழ மஞ்சள், மஞ்சள், கிளிப்பச்சை, பச்சை, மயில் பச்சை, நீலம், கருநீலம், ஊதா, ராணி நிறம்.

கடைசியில் உள்ள ராணி நிறம், அதாவது மெஜந்தா, வானவில்லில் கிடையாது. பட்டையின் ஒரு முனையில் சிவப்பு, மறுமுனையில் ஊதா. இரண்டையும் வளைத்துச் சேர்க்கும்போதுதான் நடுவில் இந்த நிறம் பிறக்கிறது. அதனால் இதை விட்டுவிட்டு 11 வரிசையோடு நிறுத்தினாலும் தவறில்லை. நான் எப்போதும் சேர்த்துக்கொள்வேன். ஊதாவில் நின்றுவிட்டால் குவில்ட்டின் ஒரு ஓரம் கனத்துப் போய்விடுகிறது.

படி 2: இடைநிறங்களை முதலில் தேடுங்கள்

இருக்கிற துணிகளையெல்லாம் கொட்டி, எழுதிய பன்னிரண்டு பெயர்களுக்கும் கீழே குவியலாகப் பிரியுங்கள். நீலக் குவியல் மலைபோல நிற்கும். செவ்வாரஞ்சிலும் கிளிப்பச்சையிலும் மயில் பச்சையிலும் ஒன்றிரண்டு இருந்தாலே பெரிது. நிறத்துக்கு 5 துணி வேண்டும். குறைகிற குவியல்களுக்கு மட்டும் புதிதாக வாங்குங்கள். ஒரு துணியிலிருந்து 3 சதுரம்தான் எடுக்கப் போகிறோம். 5 அங்குல அகலமும் 14 அங்குல நீளமும் உள்ள ஒரு பட்டை போதும், வெட்டி மீந்த துணிகளே பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஒரு துணி உண்மையிலேயே இடைநிறம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அதன் பின்னால் உள்ள கதையும் துணிக்காரர்களின் கதைதான்.

பாரிஸில் கோபலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் உண்டு. அங்கே சாயப் பிரிவின் தலைவராக 1824-இல் மிஷேல் யூஜீன் செவ்ரூல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். கறுப்பு நூல் சரியாக இல்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் வெளுத்துத் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் மற்ற இடங்களின் கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. இரண்டு நிறங்களைப் பக்கத்தில் வைத்தால், கண் அவற்றின் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் என்பதை அவர் விரிவாக ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார்.

இதை அப்படியே நம் மேசைக்குக் கொண்டுவரலாம். மயில் பச்சை என்று நினைக்கும் துணியை முதலில் நல்ல பச்சையின் பக்கத்தில் வையுங்கள். அது நீலமாகத் தெரிய வேண்டும். பிறகு நல்ல நீலத்தின் பக்கத்தில் வையுங்கள். இப்போது பச்சையாகத் தெரிய வேண்டும். இரண்டு இடத்திலும் மாறித் தெரிந்தால் அது பாலம் போடும் துணி. இரண்டு இடத்திலும் பச்சையாகவே நின்றால் அதைப் பச்சைக் குவியலுக்கே அனுப்பிவிடுங்கள்.

முக்கிய நிறங்களுக்கும் ஒரு பக்கச் சாய்வு உண்டு. தக்காளிச் சிவப்பு ஆரஞ்சு பக்கம் சாயும். மாதுளைச் சிவப்பு ராணி நிறத்தின் பக்கம் சாயும். எலுமிச்சை மஞ்சள் பச்சையை நோக்கிப் போகும். சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து அண்டை நிறத்தை ஒட்டி அந்தச் சதுரத்தை வைத்தால் பாதி வேலை தானாக நடக்கும்.

பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறத்திலும் ஊடை (குறுக்கு நூல்) வேறு நிறத்திலும் நெய்த மயில்கழுத்துத் துணி கிடைத்தால் விடாதீர்கள். நீலமும் பச்சையும் நூல் அளவிலேயே கலந்திருக்கும். அதைவிட நல்ல பாலம் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 3: வெளிர் முதல் அடர் வரை அடுக்குங்கள்

இப்போது ஒவ்வொரு நிறத்திலும் உள்ள 5 துணிகளை வெளிரிலிருந்து அடர்த்திக்கு வரிசைப்படுத்துங்கள். இங்கேதான் கண் ஏமாறும். பளிச்சென்ற துணியை வெளிர் என்றும், மங்கலான துணியை அடர் என்றும் நினைத்துக்கொள்வோம். இரண்டும் வேறு வேறு விஷயங்கள்.

அடுக்கிய வரிசையைக் கைபேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறம் போய்விட்டால் வெளிரும் அடரும் மட்டும் மிஞ்சும். வரிசையில் ஏதாவது ஒரு துணி இடறினால் உடனே தெரியும். கைபேசி இல்லாமலும் செய்யலாம்: கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சிவப்பு கண்ணாடித்தாள் வழியாகப் பார்க்கும் பழக்கமும் உண்டு. ஆனால் அதன் வழியே சிவப்பும் ஆரஞ்சும் இருப்பதைவிட வெளிராகத் தெரியும், அந்த இரண்டு வரிசைகளுக்கு அதை நம்பாதீர்கள்.

பன்னிரண்டு நிறங்களையும் பக்கம் பக்கமாக வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் இன்னொன்றும் தெரியும். முழுச் செறிவில் மஞ்சள்தான் எல்லாவற்றிலும் வெளிச்சமான நிறம். ஊதா எல்லாவற்றிலும் இருண்டது. அதனால் நடுவில் மஞ்சள் ஒளிர்ந்து இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டே போகும். இதை அப்படியே விடலாம், குவில்ட்டின் உள்ளே விளக்கு எரிவதுபோல இருக்கும். எல்லா நிறமும் ஒரே அளவு வெளிச்சத்தோடு இருக்க வேண்டுமென்றால் ஊதாவையும் கருநீலத்தையும் வெளிராக எடுங்கள். கத்தரிப்பூ நிறம் அதற்கு ஏற்றது. மஞ்சளை அடர்த்தியாக்கிச் சமன் செய்யப் பார்க்காதீர்கள். அடர்ந்த மஞ்சள் என்று ஒன்று இல்லை. அது பாசி நிறமாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். மஞ்சள் வரிசையின் 5 துணிகளும் மற்ற வரிசைகளைவிட நெருக்கமாகத்தான் இருக்கும், அது பரவாயில்லை.

படி 4: தெளிந்த நிறமா, மங்கல் நிறமா?

சாம்பல் கலக்காத பளிச்சென்ற நிறங்கள் ஒரு குடும்பம். சாம்பல் தட்டிய மங்கலான நிறங்கள் இன்னொரு குடும்பம். இரண்டிலும் அழகான வானவில் வரும், ஆனால் ஒரு குவில்ட்டுக்கு ஒரு குடும்பம். பளிச்சென்ற சதுரங்களுக்கு நடுவே மங்கலான ஒன்று வந்தால் அழுக்குப் படிந்ததுபோலத் தெரியும். மங்கலான சதுரங்களுக்கு நடுவே பளிச்சென்ற ஒன்று வந்தால் கண் அங்கேயே போய் மாட்டிக்கொள்ளும். முதல் முறை தைப்பவர்களுக்குத் தெளிந்த நிறங்களைத்தான் சொல்வேன், தவறு சீக்கிரம் கண்ணில் படும்.

படி 5: அச்சுத் துணிகளைத் தள்ளி நின்று பாருங்கள்

பூப்போட்ட துணி கையில் இருக்கும்போது ஒரு நிறம், பத்தடி தள்ளிப் பார்க்கும்போது வேறு நிறம். சின்னச் சின்னச் சிவப்புப் பூக்களும் பச்சை இலைகளும் நெருக்கமாக இருந்தால் தூரத்தில் இரண்டும் கலந்து பழுப்பாகிவிடும். வெள்ளைத் தரையில் நீலப் பூ இருந்தால் அது நீலத் துணி இல்லை. தூரத்தில் வெளிர்நீலமாகவோ வெள்ளை ஓட்டையாகவோ தெரியும். வானவில்லை அதிகம் கெடுப்பது இந்த வெள்ளைத் தரைத் துணிகள்தான், கண்டிப்பாக இருங்கள்.

பெரிய பூ வடிவங்களுக்கு ஒரு அட்டையில் 4 அங்குலச் சதுரமாகத் துளை வெட்டி, துணியின் மேல் நகர்த்திப் பாருங்கள். தைத்த பிறகு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் துளை வழியே தெரியும். சில சமயம் ஒரே துணியில் ஒரு மூலை பச்சையாகவும் மறுமூலை நீலமாகவும் கிடைக்கும். அந்த மூலைகளைப் பார்த்து வெட்டினால் இரண்டு பாலச் சதுரங்கள் தயார். பச்சையும் நீலமும் சரிபாதியாகக் கலந்த அச்சும் நல்ல பாலம்தான்.

படி 6: பகலில் தேர்ந்தெடுங்கள், இரவில் சரிபாருங்கள்

பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு துணிகள் மின்விளக்கின் கீழ் வேறு வேறாகத் தெரியலாம். சாயங்கள் வேறாக இருந்தால் இப்படி நடக்கும். மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு கறுத்துப் போகும், நீலம் அந்த அளவுக்கு மங்காது. நம் கண்ணின் இயல்பு அது. ஜன்னல் ஓரமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, குவில்ட் எந்த அறையில் இருக்கப் போகிறதோ அங்கே மாலையில் ஒருமுறை விரித்துப் பாருங்கள். இடறுகிற துணி ஒன்றிரண்டுதான் இருக்கும்.

படி 7: அலசி, வெட்டுங்கள்

சிவப்பு, கருநீலம், ஊதா மூன்றையும் அலசாமல் வெட்டாதீர்கள். ஒரு துண்டை வெதுவெதுப்பான நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்துங்கள். கறை ஏறினால் இன்னும் அலச வேண்டும். எத்தனை முறை அலசியும் சாயம் போகும் துணியை எடுத்துவிடுங்கள், பக்கத்தில் மஞ்சள் இருக்கிறது. அப்புறம் இஸ்திரி போட்டு, ஒரு துணிக்கு 3 சதுரம் வீதம் வெட்டுங்கள். 12 நிறம், நிறத்துக்கு 5 துணி, துணிக்கு 3: கணக்கு 180-இல் முடியும்.

படி 8: தைக்கும் முன் பரப்புங்கள்

தரையிலோ, சுவரில் தொங்கவிட்ட சொரசொரப்பான வெள்ளைத் துணியிலோ சதுரங்களை அடுக்குங்கள். நிறத்துக்கு ஒரு நெடுவரிசை. மேலே வெளிர், கீழே அடர். ஒரே துணியின் 3 சதுரங்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தால் படிக்கட்டுபோலத் தெரியும். ஒன்றை ஓரிடம் மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். பாலத் துணிகளின் ஒன்றிரண்டு சதுரங்களை எல்லை தாண்டிப் பக்கத்து வரிசைக்குள்ளும் விடுங்கள். கோடு கரைவது இங்கேதான்.

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். படம் எடுத்து, அதைச் சிறியதாக்கிப் பாருங்கள். முதலில் கண் எங்கே நிற்கிறதோ அந்தச் சதுரத்தை மாற்றுங்கள். திரும்பப் படம் எடுங்கள். நான் பொதுவாக இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுவேன். போகும்போதும் வரும்போதும் பார்த்து மாற்றிக்கொண்டே இருப்பேன்.

சதுரங்களுக்கு நடுவே வெள்ளைப் பட்டை வைக்கலாமா என்றால், இந்தக் குவில்ட்டுக்கு வேண்டாம் என்பேன். இவ்வளவு பாடுபட்டுக் கரைத்த கோட்டைப் பட்டை திரும்பக் கொண்டுவந்துவிடும். சுற்றி ஒரு ஓரப்பட்டை வேண்டுமானால் கருஞ்சாம்பல் நல்லது. அதன் பக்கத்தில் எல்லா நிறமும் ஒளிரும்.

மனம் நிறைந்ததும் ஒவ்வொரு குறுக்கு வரிசையின் இடது முதல் சதுரத்திலும் 1 முதல் 15 வரை எண் எழுதிய சிறு தாளைக் குண்டூசியால் குத்துங்கள். இடமிருந்து வலமாக வரிசை மாறாமல் எடுத்து அடுக்கி, ஒவ்வொரு வரிசையாகத் தையுங்கள். பன்னிரண்டு நிறத்துக்கும் நூல் மாற்ற வேண்டாம். நடுத்தரச் சாம்பல் நூல் ஒன்று எல்லாவற்றுக்கும் பொருந்தும். மஞ்சளும் அடர்ந்த நிறமும் சேரும் தையலில் மட்டும் உள்ளே மடியும் விளிம்பை அடர்ந்த துணியின் பக்கம் திருப்பி இஸ்திரி போடுங்கள். இல்லையென்றால் அடர்ந்த விளிம்பு மஞ்சளுக்குள் நிழலாகத் தெரியும்.