அழுகிய பிகோனியா, இலையிலிருந்து மீண்டது

போன குளிர்காலத்தில் வண்ண இலைகளுக்காக நான் வளர்க்கும் ரெக்ஸ் பிகோனியா செடி தண்டோடு கொழகொழவென்று அழுகிவிட்டது. குளிரைவிட நான் ஊற்றிய தண்ணீர்தான் காரணம். வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீரை அதிகம் இழுக்காது, மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

நல்லவேளை, கெடாத இலை ஒன்று மிஞ்சியது. அதன் அடிப்பக்கத்தில் தடித்த நரம்புகளைப் புது பிளேடால் குறுக்கே கீறி, ஈரமான தேங்காய் நார்த்தூளும் பெர்லைட்டும் (தண்ணீர் தேங்காமல் இருக்கச் சேர்க்கும் லேசான வெள்ளைத் துகள்) கலந்த தட்டில் கீறிய பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து, சின்னக் கூழாங்கற்களால் அழுத்தி, மூடி போட்டு, நேர் வெயில் படாத, 20 டிகிரிக்குக் குறையாத இடத்தில் வைத்தேன். தினமும் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்துவிடுவேன், இல்லாவிட்டால் பூஞ்சை வந்துவிடும். ஏழாவது வாரம் கீறல்களில் குட்டிச் செடிகள்! அந்தச் சந்தோஷம் சொல்லி மாளாது.

இப்போதெல்லாம் குளிர்காலத்தில் மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகுதான் தண்ணீர், அப்புறம் இரவில் ஜன்னலோரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்துவிடுகிறேன்.