லோடரில் க்ளோ ப்ளக் மாற்றுகிறீர்களா? உடைவது பெரும்பாலும் கழற்றும்போதுதான்

காலையில் லோடர் கிளம்ப மறுக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பக்கத்தில் நிற்பவர் உடனே "ஹீட்டர் ப்ளக் போயிருக்கும்" என்பார். க்ளோ ப்ளக்கைத்தான் அப்படிச் சொல்கிறார். பல சமயம் அவர் சொல்வது சரிதான். சரியில்லாத சமயங்களில், நல்ல ப்ளக் ஒன்றைக் கழற்றப் போய் அதை சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே ஒடித்துவிட்டு, ஒரு மணி நேர வேலையை ஒரு வார வேலையாக்கிக்கொண்டவர்கள் உண்டு. நானும் அந்தப் பட்டியலில் ஒருவன். அதனால் புது ப்ளக்கை மாட்டுவதைவிடப் பழையதைக் கழற்றுவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

சோதிக்காமல் ஸ்பேனரை எடுப்பது

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். இன்ஜின் குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டில் பெரும்பகுதியை ஹெட்டும் சிலிண்டர் சுவரும் உறிஞ்சிவிடும். க்ளோ ப்ளக்கின் நுனி 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. சிறிய ஸ்கிட் ஸ்டியர் லோடர்கள் பலவற்றில் டீசல் முதலில் ஒரு சிறு முன்னறையில் எரியும் வகை இன்ஜின்தான் இருக்கும். அந்த அறையின் சுவரே சூட்டை நிறைய இழுத்துவிடுவதால், காற்றை அழுத்தும் விகிதம் (கம்ப்ரஷன்) 20:1-க்கு மேல் இருந்தும் ப்ளக் இல்லாமல் அவை காலையில் முரண்டு பிடிக்கும். பெரிய வீல் லோடர்களில் கதை வேறு. டீசல் நேராக சிலிண்டருக்குள் பாயும் பெரிய இன்ஜின்கள் பலவற்றில் க்ளோ ப்ளக்கே கிடையாது. உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டர்தான் இருக்கும். கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜின் அதற்கு நல்ல உதாரணம். இல்லாத ப்ளக்கைத் தேடிக் கண்ணில் பட்ட சென்சாரைக் கழற்றாமல் இருக்க, முதலில் மேனுவலைப் புரட்டிவிடுங்கள்.

அடுத்து, டாஷ்போர்டு விளக்கை நம்புவது. சுருள் படம் போட்ட அந்த விளக்கு எரிந்து அணைந்துவிட்டால் ப்ளக் சூடாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பல மெஷின்களில் அந்த விளக்குக்கு நேரம் எண்ணுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் நாலு ப்ளக்கும் செத்துக் கிடந்தாலும் அது ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும்.

அளவெடுப்பது பெரிய வித்தையில்லை. சாவியை ஹீட் நிலையில் வைத்து, ப்ளக்குகளை இணைக்கும் பஸ்பாரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். 12 வோல்ட் மெஷினில் 11-க்குப் பக்கத்தில் இருந்தால் கரண்ட் வந்து சேருகிறது. ஒன்றுமே இல்லையா? ஃப்யூஸ், ரிலே, டைமர் இவற்றில் ஏதோ ஒன்று. 8, 9 என்று இழுத்தால் எங்கேயோ முனையில் களிம்பு ஏறியிருக்கிறது, அல்லது பேட்டரி தளர்ந்துவிட்டது. இந்த மூன்றிலும் ப்ளக் மேல் தப்பில்லை.

பஸ்பார் வரை கரண்ட் வருகிறது என்றால் மட்டுமே ப்ளக்குகளைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பஸ்பாரைக் கழற்றாமலேயே மீட்டரை வைக்கிறார்கள். நாலும் இணையாகப் பிணைந்திருப்பதால் ஒன்று செத்திருந்தாலும் மற்ற மூன்றின் வழியாக மீட்டர் குறைந்த ஓமைக் காட்டிவிடும். பாரைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றின் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே அளந்தால், நல்ல 12 வோல்ட் ப்ளக் குளிர்ந்த நிலையில் பெரும்பாலும் அரை ஓமுக்கும் 2 ஓமுக்கும் நடுவில் நிற்கும். செத்தது முடிவிலி காட்டும். மீட்டர் ஒயருக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும்; இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் கையில் இருந்தால் இன்னும் நல்லது. ஓடுகிற ஆம்பியர்தான் சூடு. ஒரு ப்ளக் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக.

பழைய மெக்கானிக்குகள் பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுத்து நுனி சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். ப்ளக் 12 வோல்ட்டுக்கானது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள். 5 வோல்ட்டுக்கும் கீழே வேலை செய்யும் ப்ளக்குகள் இருக்கின்றன. அவற்றுக்கு 12 கொடுத்தால் சோதனையே சமாதியாகிவிடும்.

லோடர் என்பதை மறப்பது

கார் இன்ஜினில் பழகிய கை, லோடரில் மறக்கும் விஷயம் தலைக்கு மேல் தொங்கும், பக்கெட்டைத் தூக்கும் ஆர்ம். இன்ஜினை எட்ட ஆர்மைத் தூக்கியே ஆக வேண்டும் என்றால் மெஷினோடு வரும் இரும்புத் தாங்கியைப் பூட்டாமல் கீழே போகாதீர்கள். ஹைட்ராலிக் ஹோஸ் வெடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டு வெடிக்காது. கேபினைச் சாய்த்திருந்தால் அதன் பூட்டும் விழுந்திருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பஸ்பாருக்கு வரும் ஒயர் தடிமனானது. ஸ்பேனர் ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் ஹெட்டையும் தொட்டால் மோதிர விரல் நினைவில் வைத்துக்கொள்ளும்.

அப்புறம் அழுக்கு. லோடரின் இன்ஜின் அறையில் மண், வைக்கோல் தூசி, ஹைட்ராலிக் ஆயில் எல்லாம் சேர்ந்து களியாகிக் கிடக்கும். ப்ளக் உட்காரும் குழி அதற்கு ஒரு கிண்ணம் மாதிரி. ப்ளக் வெளியே வந்த நொடியில் அந்த மணல் நேராக உள்ளே போகும். முதலில் பிரஷ், பிறகு கம்ப்ரஸர் காற்று. ப்ளக்கை அரைச் சுற்று தளர்த்திய பிறகு மறுபடி ஒருமுறை காற்று. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய துளையை உடனே சுத்தமான துணியால் மூடுங்கள்.

அவசரமாகக் கழற்றுவது

நான் முதன்முதலில் உடைத்த ப்ளக் நாலாவது ப்ளக். முதல் மூன்றும் வெண்ணெய் மாதிரி வந்துவிட்டன. இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று நாலாவதையும் அதே வேகத்தில் இழுத்தேன். இறுக்கம் திடீரென்று இல்லாமல் போனதும், வந்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷம். கையில் வந்தது அறுகோணத் தலை மட்டும்தான்.

ப்ளக்கின் உடல் உள்ளே கம்பியும் பொடியும் நிரம்பிய மெல்லிய குழாய். எம்8 (8 மில்லிமீட்டர்) மரை உள்ள ப்ளக் சுமார் 20 நியூட்டன் மீட்டரிலும், எம்10 சுமார் 35-லும் முறிந்துவிடக்கூடும். நீளமான ராட்செட்டில் அந்த அளவு விசை கைக்கே தெரியாது. அதனால் கழற்றும்போதும், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் தேவை. உடையும் அளவுக்குக் கொஞ்சம் கீழே வைத்துக்கொண்டு, அதற்கு மேல் போகாமல் நிறுத்த வேண்டும். இம்பாக்ட் கன்னைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். சாக்கெட் நேராக உட்காரட்டும். சாய்வாக இழுத்தால் முறுக்கோடு வளைப்பும் சேரும்.

வராத ப்ளக்குக்கு மருந்து பொறுமைதான். முந்தின நாளே மரையில் துருநீக்கி எண்ணெயை விட்டு ஊற வையுங்கள். முடிந்தால் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கிவிட்டு, சூடு இருக்கும்போதே கழற்றுங்கள். ஹெட் அலுமினியம் என்றால், அதுவும் ப்ளக்கின் இரும்பும் விரிவது வெவ்வேறு அளவில் என்பதால் பிடி தளரும். அப்போதும் நகரவில்லையா? மணிக்கட்டு அளவில் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி எண்ணெய். கால் சுற்று வந்ததும் ஒரேயடியாகத் திருகாமல் எட்டில் ஒரு சுற்று திரும்பப் போய் வாருங்கள். கீச்சென்று சத்தம் கேட்டால் மரைக்குள் கரி அரைபடுகிறது. நிறுத்தி இன்னும் எண்ணெய் விடுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. மரை முழுக்கக் கழன்றுவிட்டது, ப்ளக் இடத்திலேயே சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை. நுனியைக் கரி பிடித்திருக்கலாம், அல்லது நுனி வீங்கியிருக்கலாம். ரிலே ஒட்டிக்கொண்டு ப்ளக் அணையாமல் எரிந்தாலோ, 24 வோல்ட் வண்டியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்திருந்தாலோ நுனி ஊதிவிடும். கட்டிங் ப்ளேயரால் நெம்பினால் நுனி அறுந்து உள்ளே விழும். நேராக, அச்சோடு சேர்த்து, சுற்றிக்கொண்டே இழுக்க வேண்டும். மீறி உள்ளே விழுந்துவிட்டால் ஒரே ஒரு முறைகூட செல்ஃப் அடிக்காதீர்கள். பிஸ்டன் அதைச் சந்திப்பதற்கு முன் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிய துளை வழியாகவோ ஹெட்டை இறக்கியோ எடுத்தாக வேண்டும். உடல் முறிந்து மரை உள்ளே தங்கினாலும் அதேதான்: கை ட்ரில்லை எடுத்துக் குத்துமதிப்பாகத் துளைக்காதீர்கள். அதற்கென்றே வழிகாட்டிக் குழாயோடு வரும் கிட் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ரோஷப்பட்டு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று துளைத்ததில் ஹெட்டின் மரையும் போன கதை எனக்கு நன்றாகத் தெரியும்.

வெளியே வந்த ப்ளக்கை உடனே தூக்கிப் போட வேண்டாம், நுனியைப் பாருங்கள். உருகியிருந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகுகிறது, அல்லது டீசல் பாயும் நேரம் (டைமிங்) முன்னதாக இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் அதே வழியில் போகும். வீங்கியிருந்தால் ரிலேயைப் பாருங்கள். நாலும் வெளியே இருக்கும் இந்த நேரத்தில் கம்ப்ரஷனையும் அளந்துவிடலாம். எரிபொருள் கட்-ஆஃப் சொலினாய்டின் ஒயரைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள், இல்லையென்றால் துளை வழியாக டீசல் பீய்ச்சும்.

புதுசு மாட்டும்போது

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நீளம், மரை, அமரும் கூம்பு, மேலே அச்சடித்த வோல்ட். மரை ஒத்துப்போவதாலேயே ப்ளக் ஒத்துப்போய்விடாது. 3 மில்லிமீட்டர் நுனி கூடுதலாக இருந்தால் அது எதன் மேல் இடிக்கும் என்பது இன்ஜினைப் பொறுத்தது. செராமிக் நுனி வகை கீழே விழுந்திருந்தால், கண்ணுக்கு விரிசல் தெரியாவிட்டாலும் மாட்டாதீர்கள்.

துளையில் கரி இருந்தால் அந்த ப்ளக்குக்குரிய ரீமரில் கிரீஸ் தடவிச் சுழற்றுங்கள்; கரி கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். ப்ளக்கை விரலாலேயே பாதிக்கு மேல் திருக வேண்டும். மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கப் பூசும் ஆன்டி-சீஸ் விஷயத்தில் தயாரிப்பாளர் என்ன சொல்கிறாரோ அதுதான். அனுமதித்தாலும் மரையில் மட்டும் மெல்லிய பூச்சு. ப்ளக்கின் உடலே எர்த் என்பதால் கூம்பிலும் நுனியிலும் அது படக் கூடாது. இறுக்கம் எம்8-க்கு சுமார் 10, எம்10-க்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர் வரை வரும், மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. மேலே இருக்கும் சின்ன நட்டுக்கு 2 நியூட்டன் மீட்டர் போதும். அதை வலுவாக முறுக்கினால் உள்ளே இருக்கும் கம்பி திரும்பி, புது ப்ளக் மாட்டும்போதே செத்துவிடும். பஸ்பாரின் தொடுமுகங்களை எமரித் தாளால் பளபளப்பாக்கிவிட்டுப் போடுங்கள்.

ப்ளக் மாற்றியும் கிளம்பவில்லை என்று, சட்டென்று பற்றிக்கொள்ளும் ஈதர் ஸ்ப்ரேயைக் கையில் எடுப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். உள்ளே நுனி செக்கச்செவேலென்று இருக்கிறது. ஈதர் அதைத் தொட்டதும் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். பிஸ்டன் ரிங்கும் முன்னறையும் அந்த அடியைத் தாங்க வேண்டும். க்ளோ ப்ளக் உள்ள இன்ஜினுக்கும், கிரிட் ஹீட்டர் உள்ள இன்ஜினுக்கும் ஈதர் கூடாது.

பேட்டரியை இணைத்து, நாலிலும் ஆம்பியர் ஓடுவதைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ப்ளக் அருகே "புஸ் புஸ்" என்று மூச்சு விட்டால், அல்லது சில நாளில் கறுப்புப் புகைக்கரி படிந்தால், கூம்பு சரியாக உட்காரவில்லை. இவ்வளவுக்கும் முன்னால் தட்டில் இருக்கும் நட்டுகளை ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தால் அது பெரும்பாலும் இன்ஜினுக்குக் கீழே உள்ள அடித்தகட்டில், போன மழைக்காலத்துச் சேற்றுக்குள் கிடக்கும்.